மழைநாளில் நாற்பது நிமிடம்

வாட்டர் கலர் காய வெயில் நாளில் இருபது நிமிடம் போதும். மழைநாளில் நாற்பது ஆகும். ஹேர் டிரையரைக் காட்டினால் சீக்கிரம் காயும், ஆனால் ஓரமெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும். அத்தான், உங்கள் கேள்விக்குப் பதில் ஏறக்குறைய இவ்வளவுதான். "வாயால சொன்னா அழுதே மழுப்பிடுவ, எழுதிக் குடு" என்றதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வேலை முறை உங்களுக்குத் தெரியும். அக்கா பென்சிலில் வரைந்து, மையால் கோடு இழுத்து, வண்ணம் பூசுவாள். காய்ந்ததும் நான் ஸ்கேன் செய்து, கணினியில் நிழலும் வெளிச்சமும் சேர்த்து, பின்னணியை முடிப்பேன். பாதிப் படம் அவளுடையது, பாதி என்னுடையது. அட்டையில் அவள் பெயர் இருக்கும். உள்ளே நன்றிப் பக்கத்தில், அச்சகத்தாருக்கு அடுத்து நான் இருப்பேன். பதினொரு புத்தகங்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. எண்ணிக்கை நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

"உனக்கென்னடி, தப்பு வந்தா ஒரு பட்டனைத் தட்டிப் பின்னாடி போயிடுவ. எனக்கு இருக்கிறது ஒரே பேப்பர்" என்பாள்.

"அதான் உன் பேரை மட்டும் பெருசாப் போடுறாங்க" என்பேன். இருவரும் சிரிப்போம்.

பன்னிரண்டாவது புத்தகத்தின் அட்டைப்படம் உருவாவதை வீடியோ எடுக்கச் சொன்னார் பதிப்பாளர். என் ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி, மேசையை நேர் கீழாகப் பார்க்கும்படி வைத்தேன். தாளும் கைகளும் மட்டும்தான் அதில் விழும். இரண்டு மணி நேர வேலை இரண்டு நிமிடமாக ஓடும். நடுவில் ஃபோனை எடுத்தால் பதிவு அறுந்துவிடும். அக்காவின் ஃபோன் பழுதுபார்க்கப் போயிருந்தது. கீழ்வீட்டில் ஆள் இருந்தார்களே என்பீர்கள். இருந்தார்கள்.

அன்று மழை. மூன்று பத்துக்கு அவள் வானத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள். பிரஷ் கையிலிருந்து நழுவியது; மேல் மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். நான் பாய்ந்துபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்தேன். அது கவிழ்ந்திருந்தால் வானம் முழுக்கப் போயிருக்கும். பிறகு அவளைத் தரையில் படுக்கவைத்துத் தலையணையும் வைத்தேன். இது வீடியோவில் விழவில்லை.

வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது. ஸ்டாண்டில் இருந்த ஃபோனையே பார்த்தாள். பதிவு ஓடுகிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

"ஓடுதுக்கா, கவலைப்படாத" என்றேன். அவளுக்கு எப்போதும் வேலைதான் முதலில்.

ஈரத்தாளை விட்டுவிட்டுப் போக முடியாது. வண்ணம் குளம் கட்டும் இடத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றினேன். முழுதாகக் காய்ந்ததும் பதிவை நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வரும்வரை தாளை ஸ்கேன் செய்தேன். கை சும்மா இருந்தால் மனம் பதறும்.

"அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நல்ல மனிதர். நான் கடைக்குப் போயிருந்ததாக உங்களிடம் சொன்னேன். அப்போதைக்கு அது சுருக்கமாக இருந்தது.

அந்தச் சொட்டைக் கணினியில் ஒரு நொடியில் அழித்திருக்கலாம். மனம் வரவில்லை. இரண்டு சிறகு சேர்த்துப் பறவையாக்கினேன். படத்தின் உயிரே அந்தப் பறவைதான் என்று ஒரு விமர்சகர் எழுதினார். அட்டையில் முதல்முறையாக இரண்டு பெயர்கள் வந்தன.

வெளியீட்டு விழாவில் அக்காவின் ஃபோட்டோவுக்கு மாலை சூட்டிவிட்டு வீடியோவைப் போட்டார்கள். ஒரு கை விலக, இன்னொரு கை வந்து ஒற்றுவதைப் பார்த்து அரங்கமே கைதட்டியது. "அக்கா விட்ட இடத்துல தங்கச்சி" என்று பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் மட்டும் தட்டவில்லை. ஒற்றுகிற கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

மறுநாள் வீட்டுக்கு வந்து வீடியோவை இரண்டு இடத்தில் நிறுத்திக் காட்டினீர்கள். "இங்க மூணு பதினொண்ணு. இங்க மூணு அம்பத்தொண்ணு. எந்தக் கடையில நின்ன நீ?"

நீங்கள் படித்த நேரம் சரி. நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. நாற்பது நிமிடமும் அவள் பக்கத்திலேயேதான் இருந்தேன். பாதி நேரத்துக்கு மேல் அவள் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அத்தான், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் யார் செய்வதும் தப்பாகத்தான் தெரியும். ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். அவள் கை மறைவதிலிருந்து நான் ஃபோனை எடுப்பது வரை நாற்பது நொடிதான். எவ்வளவு பதறிப்போய் ஓடியாடியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.