கத்தரிச் செடி வாடியதில் வடிவேலுவுக்குப் பங்கில்லை

பெயர் ஏரம்பமூர்த்தி, தகப்பனார் தில்லையம்பலம், வயது முப்பத்து நான்கு, பிறந்தது யாழ்ப்பாணம், இருப்பு சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒரு மாடி அறை. தோட்டக்காரர் சங்கம் ஒன்று நடத்தும் சிறு பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். 1909ஆம் வருடம் அக்டோபர் மாதக் கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் ஐயா கேட்க நான் சொல்வதாவது:

தெம்பனிஸ் ரோட்டோரம் துரைசாமிக்கும் வடிவேலுவுக்கும் அடுத்தடுத்துக் காய்கறித் தோட்டம். வாய்க்கால் தண்ணீர் விஷயமாய் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சென்ற மாதம் துரைசாமியின் கத்தரிச் செடிகள் பச்சை இலையோடு துவண்டு சாய்ந்தன. வேலிக்கு அப்பால் வடிவேலுவின் செடிகள் நன்றாய் நின்றன. துரைசாமி ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் கொண்டுவந்தார். என் பதிலுக்குக் காத்திராமல், வடிவேலு விஷம் ஊற்றினார் என்று புகாரும் கொடுத்துவிட்டார். அதன்பிறகு வடிவேலுவை லாக்கப்பில் வைத்தார்கள்.

நான் அச்செடியின் தண்டை நறுக்கி ஒரு கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டேன். வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூல் போல் இறங்கியது. அது விஷமன்று, கிருமிகள் கூட்டமாய் வெளிவருவது. அதன்பிறகு அக்கிருமியைக் கண்ணாடிக் குழாய்களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்து, தொட்டியில் இருந்த நல்ல செடிகளில் ஊசியால் ஏற்றினேன். அவையும் அப்படியே வாடின. நோய் பரவாதிருக்கச் செடிகளைப் பிடுங்கி எரிக்கும்படி துரைசாமியிடம் சொன்னேன். என் பேச்சில் ஒன்றைக்கூடக் கேட்காத மனிதர், இதை மட்டும் அன்றைக்கே செய்துமுடித்தார்.

அதன்பிறகு ஆயுத பூஜை வந்தது. கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்தின் முன் அடுக்குவது எங்கள் கூடத்து வழக்கம். ஏவலாள் அங்கமுத்து பக்தி மிகுந்தவர். விஜயதசமியன்று நான் போனபோது என் குழாய்களெல்லாம் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமுமாய் வரிசையில் மின்னின.

“அழுகின கிழங்கை சாமி முன்னாடி வைக்கலாமாய்யா? நானே தேச்சுக் கழுவிட்டேன்” என்றார்.

வாடிய செடிகளை அபசகுனம் என்று தொட்டியோடு வீசியிருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவரோ என் கையில் பொரிகடலையை வைத்தார். வாங்கித் தின்றேன், வேறென்ன செய்வது?

அதன்பிறகு இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். குழாய் கழுவியாயிற்று, செடி எரிந்தாயிற்று. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாகத் திரும்பினேன்.

இன்று காலை வடிவேலுவின் மனைவி பூவம்மா ஒரு வாடிய செடியோடு வந்து, “எங்க தோட்டத்துலயும் சாயுதுங்கய்யா” என்று அழுதார். எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வடிவேலு லாக்கப்பில் இருக்கையில் அவர் தோட்டத்தில் யார் விஷம் ஊற்றுவது?

அதன்பிறகு அச்செடியை இங்கே கொண்டுவந்து, ஐயாவின் மேசைமேல் கிளாஸில் வைத்துக் காட்டினேன். வெள்ளை நூல் இறங்கியதை ஐயா தம் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, “எருக்கம்பால் ஊத்தியிருப்பாங்க. அவன் இல்லாட்டி அவன் பொண்டாட்டி” என்றார். இதை எழுத வேண்டாம் என்று, நான் சொல்வதை எழுதுகிறவரிடம் ஐயா சொல்கிறார். எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். “அவள் தன்ர வாயில தானே மண்ணைப் போடுவாளோ?” என்று கேட்டேன். தோட்டத்தை நேரில் பார்த்தால்தான் நம்பமுடியும், அதுவும் தீபாவளி கழிந்துதான் வரமுடியும் என்றார்.

நோய் கண்ட செடிகளை இன்றே எரித்தால் மீதியையாவது காப்பாற்றலாம். எரித்தால் ஐயா வரும்போது காட்ட எதுவும் இராது. பூவம்மா வெளியே பெஞ்சில் இருக்கிறார். இரண்டையும் அவரிடம் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு, “அவரு வெளிய வரணும். செடி நிக்கட்டும்” என்றார். அவர் பிழைப்பே அந்தத் தோட்டம்தான். தீபாவளிவரை அதில் ஒரு செடியும் மிஞ்சாது. ஆகவே ஐயா நாளைக்கே வந்து பார்க்கவேண்டும்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். ‘நாளைக்கே’ என்ற சொல் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் செய்தபின், இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னதே, நடந்ததே என்று கையெழுத்திடுகிறேன்.

தி. ஏரம்பமூர்த்தி