பிறைக்குக் கீழே இரண்டு கோடு

அவைக்குத் தலைமை தாங்கும் தீயணைப்புப் படைத் தலைவி மார்வா அவர்களே! எனக்கு முன்னே பிறந்து, இன்று விருந்து வரிசையிலும் எனக்கு முன்னே நிற்கின்ற மூத்தோர்களே! இந்தச் சேஜ் க்ரீக் ஊரைச் சுமந்தும் சுமத்தியும் காக்கின்ற தாய்மார்களே! 'வேண்டாம்' என்று வாக்களித்துவிட்டு விருந்துக்கு மட்டும் வந்திருக்கின்ற என் பழைய தோழர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

ஆம்புலன்ஸ் நிலையம் திறக்க எழுத்தறியாத ஆட்டுக்காரனா? என்னப்பா அங்கே, "சுருக்கமா பேசு, கறி ஆறுது" என்கிறாயா? ஆறட்டும்! என் ஆடுதான் அது. எனக்காகக் கொஞ்சம் காத்திருக்கும்.

சென்ற ஆண்டு நவம்பர். ஆம்புலன்ஸுக்கு வரி போடலாமா, கூடாதா என்று வாக்கெடுப்பு. நம் ஓரிகன் மாநிலத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வரும், தபாலில் போகும். உறைமேல் கையெழுத்து, அது பதிவில் உள்ளதோடு பொருந்தினால்தான் உறையைப் பிரிப்பார்கள். எனக்கு ஏது கையெழுத்து? ஆட்டின் முதுகில் நான் சாயத்தால் இடும் குறியே என் கையெழுத்து. ஒரு பிறை, அதன் கீழே ஒரு கோடு. பதிவிலும் அதுதான்.

அந்த ஆண்டு பக்கத்து மந்தையையும் வாங்கினேன். குறியில் இன்னொரு கோடு சேர்த்தேன். உறைமேலும் இரண்டு கோடு போட்டேன். ஆட்டுக்கு ஒரு குறி, அரசுக்கு ஒரு குறி என்று நாணயமானவன் வைப்பானா?

தேர்தல் அலுவலர் ரோவீனா பார்த்தார், பொருந்தவில்லை, ஒதுக்கி வைத்தார். எனக்கு இரண்டு கடிதம் போட்டார். அடடா, அடுப்புப் பற்றவைக்க எவ்வளவு அருமையான தாள்!

எண்ணி முடித்தார்கள். 'வேண்டும்' முந்நூற்றுப் பதினெட்டு. 'வேண்டாம்' முந்நூற்றுப் பதினேழு. பிரிக்காத உறை ஒன்றே ஒன்று, என்னுடையது! காபிக் கடையில் நான் மேசையைக் குத்தி வரியைத் திட்டியது ஊருக்கே தெரியும். சமமானால் ஆம்புலன்ஸ் இல்லை. பொருந்தாத குறியைச் சரிசெய்யக் கொடுத்த கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள், அது என்னுடையதுதான் என்று ஒரு தாளில் நான் குறியிட்டுக் கொடுக்காவிட்டால், உறை குப்பைக்கு, ஆம்புலன்ஸ் ஊருக்கு.

ஆம்புலன்ஸ் யாருக்கு அதிகம் வேண்டும்? ரோவீனாவுக்கு! அதற்கு முந்தின ஆண்டு அவர் கணவர் டெல்பர்ட்டுக்கு நெஞ்சு அடைத்தபோது, வெளியூர் வண்டி வந்து சேர எழுபது நிமிடம்; எப்படியோ பிழைத்தார். ரோவீனா என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் போதும்! அவரோ அந்தக் கடைசி நாளில் சேற்றுப் பாதையில் நாற்பது மைல் ஓட்டி, என் பட்டிக்கு வந்து நின்றார். பக்கத்து இருக்கையில் டெல்பர்ட்.

"யோவ் ஃபெர்மின், உன் கோடு ஒண்ணு ஜாஸ்தியாம்யா! அதுக்கு என் இடுப்பு ஒடியணுமா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார் டெல்பர்ட்.

"பெரியவரே, உறைமேல உள்ள ரெண்டு கோடு நீங்க போட்டதுதானா?" என்றார் ரோவீனா.

"நான்தாம்மா போட்டேன். மந்தை பெருகிச்சு, கோடும் பெருகிச்சு."

"அப்ப இந்தத் தாள்ல குறி போடுங்க. அஞ்சுக்குள்ள நான் போய்ச் சேரணும்."

டெல்பர்ட் சிரித்தார். "அடியே, இவன் என்ன போட்டான்னு இவன் நாய்க்குக்கூடத் தெரியும். ஒரு காபி குடிச்சிட்டு மெதுவா போவோமே! அஞ்சு மணி தானா வந்துட்டுப் போயிரும்."

ரோவீனா சிரிக்கவில்லை. "உறைக்குள்ள என்ன இருக்குங்கறது என் வேலை இல்லை. உறைமேல யார் இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை."

குறியிட்டேன். ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கையில் தாள் சேர்ந்தது. உறை பிரிந்தது. சமம்! ஆம்புலன்ஸ் தோற்றது. ஒற்றை உறையைத் தனியே பிரித்தால் ரகசிய வாக்கு ஏது? மறுநாள் காபிக் கடையில் எனக்குச் சர்க்கரை தரக்கூட ஆளில்லை!

அந்தக் குளிர்காலம் முழுக்க, 'வேண்டும்' என்று போடச் சொல்லி, 'வேண்டாம்' என்ற வீடுகளின் கதவை நானே தட்டினேன். வரி குறைந்ததா? இல்லை! என் வருமானம் கூடியதா? இல்லை! பிறகு ஏன்? தன் கணவனின் உயிருக்கு எதிரான என் சீட்டை எண்ண வைக்கும் தாளை, அந்தக் கணவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கசங்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாளே ஒருத்தி! அவளிருக்கும் ஊரில் என் வரி வழிதவறுமா? என் வாக்கு வழிதவறுமா? மே மாதம் மீண்டும் வாக்கெடுப்பு. நூற்று இருபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றோம்!

கதவைத் திறக்க என்னை அழைத்தீர்கள், நன்றி. பொறுத்துக் கேட்டீர்கள், அதற்கும் நன்றி. ஆனால் இந்தச் சாவி என் கையில் இருப்பது முறையல்ல. ரோவீனா, எழுந்து வாம்மா. டெல்பர்ட், நீயும் வாய்யா, மெதுவாகவே வா. எல்லோருக்கும் என் வணக்கம்!