மேலே ஏறிய சதை

பெம்பானிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவரும் அவர் மனைவியும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“எண்ணெய் போட்டு நீவியும் புஜத்துச் சதை கீழ இறங்கலையே,” என்றார் அவர்.

“எப்படி இறங்கும்? சதைக்கு இழுக்கத்தான் தெரியுமாம், தள்ளத் தெரியாதாம். முழங்கைகிட்ட எலும்பைப் பிடிச்சிருந்த நாரு அறுந்து, மேல சுருண்டுக்கிச்சுன்னு கிளினிக்ல சொன்னாங்க.”

“குலையைத் தூக்குறப்ப டப்புன்னு கேட்டுச்சு. கூட்டாளிங்க, ‘புஜம் ஏறிருச்சு, ஹீரோ லா’ன்னு சிரிச்சானுங்க.”

“நானுந்தானே சிரிச்சேன்.”

“இத்தனை நாள் கழிச்சுத் தைச்சா ஒட்டுமா? இல்லன்னா எப்படிக் குலை வெட்டுறது?”

“மலாக்கா ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவாரு. கிளினிக்ல செய்யச் சொன்ன மாதிரி உள்ளங்கையை மேல திருப்புங்க, பார்ப்போம்.”

மடியில் கவிழ்ந்திருந்த கை பாதி திரும்பி நின்றது. மீதியை மனைவி திருப்பிவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டார்.