இரும்பு மனுசனின் முழங்கால்

இதை எழுத வேண்டாமென்றுதான் படுத்திருந்தேன். காலை ரயிலில் ஒரு மாட்டுங்கா குமாஸ்தா, நடைபாதையில் வாங்கிய அமெரிக்கக் கதைப் புத்தகத்தைத் தாராவி ஃபிட்டர் ஒருவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ராக்கெட்ல போனவா, பல்சக்கரம் உடைஞ்சு, செவ்வாய் கிரகத்துல மாட்டிண்டுட்டா. கூட ஒரு இரும்பு மனுஷன். அவ்வளவுதான் ஓய், கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கு."

"பாதியில விட்டா எனக்கு இன்னிக்கு வேலை ஓடுமா சார்?" ஃபிட்டர் கொஞ்சம் யோசித்தார். "இரும்பு மனுசன் தன் முழங்கால் சக்கரத்தைக் கழட்டிக் குடுத்திருப்பான். எங்க ஒர்க்‌ஷாப்புல அப்படித்தான், ஒரு மிஷின்ல கழட்டி இன்னொண்ணுல மாட்டுவோம்."

"அப்புறம் அவன் எப்படி நடப்பான்?"

"தூக்கிட்டு வந்திருப்பாவ. விட்டுட்டா வருவாவ?"

குமாஸ்தா புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். "எழுதினவனுக்கே இது தோணியிருக்காது ஓய்!"

வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் நண்பனிடம் இதைச் சொன்னேன்.

"அதான் பரேல்ல இறங்காம, மூணு ஸ்டேஷன் தள்ளி பைகுல்லா வரைக்கும் போனியாலே?"