கூடாரத்தின் பொறுப்பாளர்

ஜெர்மனியில் எனக்கு மிகவும் பிடித்தவை படிவங்கள். கேள்வியையும் அவர்களே எழுதி, பதிலுக்குக் கோடும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். நீங்கள் தந்த தாளில் கோடு இல்லை. இருந்தாலும் நேராக எழுத முயல்கிறேன்.

உங்கள் மொழிபெயர்ப்பாளர் சேஷாத்ரி நல்ல மனிதர். ஹனோவரில் படிக்கும் இந்தியத் தமிழர். நேற்று நான், முடியாது என்பதற்கு, "ஏலாது" என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சாரி சார், அவர் யாரு? சாட்சியா?" என்று கேட்டார். அதனால்தான் எழுதியே தருகிறேன், பள்ளிக்கூடத் தமிழில்.

என் பெயர் மகேந்திரராஜா. வயது முப்பத்து நான்கு. 1983 நவம்பரில் இங்கே வந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்யத் தடை. மூன்றரை வருடமாகியும் முடிவு வரவில்லை. விடுதியில் எனக்கும் நடேசனுக்கும் ஒரே அறை. அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். பிறகு இருவரும் ஜன்னலால் பார்ப்போம். பார்க்க ஒன்றுமில்லாத நேரத்தில் நான் ஜெர்மன் படித்தேன்.

இந்த வருடம் உருத்திரமூர்த்தி அண்ணை மகளின் கலியாணத்துக்கு, துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் திருவிழாக் கூடாரத்தை வாடகைக்கு எடுத்தார். புல்வெளியில் அதை அடித்து நிறுத்த அனுமதி வேண்டும். ஜெர்மன் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்.

தீயணைப்பு அலுவலகத்தில் அதிகாரி ஹெர் வீகண்ட் எனக்கு நாற்காலி காட்டினார். என் பெயரைச் சொல்லிப் பார்த்துப் பிழைவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். இந்த நாட்டில் என் முழுப் பெயரையும் சொன்ன முதல் ஆள் அவர்.

கூடாரத்துக்குள் ஓமம் வளர்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். நெருப்புத்தான் திருமணத்துக்குச் சாட்சி என்றேன்.

"எங்களுக்கு மாமன்மார் இரண்டு பேர் சாட்சி. பியர் ஊற்றினால் அவர்களும் பற்றிக்கொள்வார்கள்," என்றார்.

சிரித்துக்கொண்டே விதிகளை எழுதினார். ஓமத்துக்குக் கீழே இரும்பும் மணலும் இருக்க வேண்டும். இரண்டு தீயணைப்புக் கருவிகள். எதிரெதிரே இரண்டு வாசல்கள், இரண்டும் திறந்தபடி. கடைசிக் கோட்டில் பொறுப்பாளர் என்று இருந்தது. அதில் என் பெயரை எழுதி, ஒரு சிவப்புக் கைப்பட்டியும் தந்தார். அன்று விடுதிக்கு ஒன்பது கிலோமீட்டர் நடந்தே வந்தேன். பஸ்ஸில் இருக்க மனம் கேட்கவில்லை.

கலியாணம் சனிக்கிழமை. நல்ல வெயில். பெண்கள் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டினார்கள். கூரை தெரியாமல் வெள்ளை வேட்டிகளைக் கட்டுவது எங்கள் வழக்கம். தீப்பிடிக்காமல் மருந்தேற்றாத துணி கூடாது என்றேன். "வெள்ளை கட்டாமல் கலியாணமோ? செத்த வீட்டுக்கும் கட்டுறனாங்கள்," என்றார்கள்.

வாசல்களில் ஒன்று வடக்கே இருந்தது, மற்றது தெற்கே. பெண்ணின் தாய் பவளம் அக்கா தெற்கு வாசலைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தம்பி, அது எமன்ர திசையெல்லோ. என்ர பிள்ளையின்ர கலியாணத்திலை எமனுக்குக் கதவு திறந்து வைக்கிறியோ?"

"அக்கா, அது சட்டம்."

"எமனுக்குச் சட்டம் தெரியுமோ? மூடுங்கோ அதை."

கூடாரச் சீலையை இழுத்துக் கட்டி, முன்னால் அரிசி மூட்டைகளை அடுக்கினார்கள். நான் மூட்டைகளை விலக்கித் திறந்தேன். மூடினார்கள். திறந்தேன். மூன்றாம் தரம் நான் திறந்தபோது உருத்திரமூர்த்தி அண்ணை ஒலிவாங்கியை எடுத்தார்.

"எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கோ. எங்கட பொறுப்பாளருக்குக் காத்து வேணுமாம். ஆராவது ஒரு விசிறி குடுங்கோ."

இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் உண்மையாகவே விசிறி கொண்டுவந்து தந்தார். நானும் சிரித்தேன். அது நல்ல பகிடி. அதற்குள் வாசலை மறுபடி மூடிவிட்டார்கள்.

நடேசன் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்கோ அண்ணை. இண்டைக்கு ஒரு நாள்தானே," என்றான்.

அதுதான் விஷயம். நாளைக்கு இந்தப் பட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஜன்னல்.

பள்ளிக்கூடங்களில் வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வைப்பார்கள் என்று ஹெர் வீகண்ட் சொல்லியிருந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வெளியே போவார்களாம். எங்கள் ஆட்கள் மணிக்கு எழும்ப மாட்டார்கள். கண்ணால் கண்டால்தான் நம்புவார்கள்.

தாலி கட்டி முடியும்வரை காத்திருந்தேன். கலியாணத்தைக் குழப்பும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பந்தி தொடங்கியதும் ஓமத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்தேன். கையில் நெருப்போடு கூடாரத்தின் குறுக்கே நடந்தேன். பட்டி கட்டியிருந்ததால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு அம்மா வழிவிட்டுக் கால்களை ஒடுக்கிக்கொண்டார். தெற்கு மூலையில் ஒரு வேட்டியின் நுனி தொங்கியது. அதில் குச்சியைப் பிடித்தேன்.

வேட்டி எரியும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். வியாழக்கிழமை விடுதிச் சமையலறையில் ஒரு முழத் துண்டை எரித்துப் பார்த்தேன். பதினொரு வினாடி. பொறுப்பாளர் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மேசைமேல் ஏறி, "எல்லாரும் வெளியாலை போங்கோ, வடக்கு வாசலாலை," என்றேன். குரலை உயர்த்தவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். உருத்திரமூர்த்தி அண்ணை என் முகத்தைப் பார்த்து, "எங்காலை தம்பி, எங்காலை?" என்று வழி கேட்டார். கை காட்டினேன். போனார். பவளம் அக்கா போனார். மாப்பிள்ளை மாலையோடு போனார். நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அந்த இரண்டு நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத இந்தத் தாள் போதாது.

தீயணைப்புக் கருவிகள் இரண்டும் என் பக்கத்திலேயே இருந்தன. காலையில் நான்தான் அங்கே நகர்த்தி வைத்தேன். பயிற்சி முடிந்ததும் நானே அணைப்பதாக இருந்தது. அணைக்கவில்லை. அணைத்தால் அவர்கள் திரும்பி வந்து சாப்பாட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

வெளியேறுபவர்களை மேசைமேல் நின்றபோதே எண்ணத் தொடங்கியிருந்தேன். வாசலுக்கு வந்தும் தொடர்ந்து எண்ணினேன். புகை வந்ததால் இருபதடி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றேன். நூற்று எழுபது வரை எண்ணியிருந்தபோது நடேசனின் குரல் கேட்டது. "மகேந்திரண்ணை எங்கை? ஆராவது கண்டனீங்களோ?" ஒருவரும் காணவில்லை. "அவர் உள்ளுக்கை நிக்கிறார்," என்று கத்திக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எண்ணும்போது வாய் திறந்தால் எண்ணிக்கை தப்பிவிடும்.

அவன் உடலை அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கண்டெடுத்ததாகச் சொன்னீர்கள். அந்த வாசல் திறந்திருக்க வேண்டும் என்று இப்போது பவளம் அக்காவே சொல்கிறாராம். சந்தோஷம்.

தீயை வைத்தவன் நான்தான். அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். ஆள் ஒன்று குறைந்ததை நான் கவனிக்கவில்லை என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். அதை மட்டும் திருத்த வேண்டும். நடேசனை அவன் முதல் தரம் வெளியே வந்தபோதே எண்ணிவிட்டேன். எண்ணி முடித்தபோது இருநூற்றுப் பதினான்கு சரியாக வந்தது.