இடது கன்னம்

இல்லங்க, எந்திரிக்காதீங்க. பாதி மொகத்துல நுரையோட தெருவுல எங்க போவீங்க? ரெண்டே நிமிஷம். இந்த பெஞ்சுல சும்மா உக்காந்துட்டு வந்துர்றேன். வலது பக்கம் தடவிப் பாருங்க, மழமழன்னு வந்திருக்கா? ஆங், அதான. கை நல்லாத்தாங்க இருக்கு. ஆள்தான் தீந்து போயிட்டேன்.

மயக்கமெல்லாம் இல்ல. தண்ணியும் வேண்டாம், இப்பதான் குடிச்சேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி எனக்குப் பக்கவாதம் வந்துச்சுங்க. இதே எடத்துலதான். ஒருத்தருக்கு முடி வெட்டிட்டு இருக்கேன், சீப்பு கீழ விழுது, எடுக்கலாம்னு பாத்தா இடது கை யாரோடதோ மாதிரி தொங்குது. அப்புறம் ஆஸ்பத்திரி, பயிற்சி, எல்லாம் ஆச்சு. கை வந்துருச்சு, காலும் வந்துருச்சு, கோணுன வாயும் நேராயிருச்சு. பாக்குறவங்க, முன்ன விட பளிச்சுனு இருக்கியேங்கிறாங்க. தெம்பு மட்டும்தான் இன்னும் வரல.

இல்லங்க, எல்லாருக்கும் வர்ற அசதி இல்ல இது. அது தூங்குனா போயிரும். இது நான் தூங்கி எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்திருக்கு. சட்ட பட்டன் போட்டா உக்காரணும். பல்லு வெளக்குனா உக்காரணும். நீங்க வந்ததும் ரேடியோவ நிறுத்துனேன்ல, அதுவும் இதனாலதான். கத்திய பாக்குறது, உங்க பேச்சு, ரேடியோ, மூணையும் சேத்து இந்தத் தலை தாங்காது.

டாக்டரம்மாகிட்ட போனேன். என் வெரல அமுக்குங்கன்னாங்க. அமுக்குனேன். கைய உதறிக்கிட்டே, நல்லாத்தான இருக்கீங்கன்னாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க, பழைய வேலையச் செய்யவே மூளை இப்ப ரெண்டு மடங்கு உழைக்குது, எப்ப சரியாகும்னு சொல்ல முடியாதுன்னு. அவங்களாவது நம்புனாங்க. சம்சாரத்தோட தம்பி, என் மச்சினன், சாப்பிடக் கூப்பிட்டா மட்டும் மாமா டாண்ணு எந்திரிக்கிறாரேன்னு என் முன்னாடியே சிரிக்கிறான். என்னத்தச் சொல்ல? கட்டு இருந்தா காட்டலாம், தழும்பு இருந்தா காட்டலாம். இத எங்க தொறந்து காட்ட?

சம்சாரம் மொதல்ல திட்டுனா. இப்ப திட்டுறதில்ல. அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு.

போர் அடிக்குதா? பேசுனாலும் எனக்கு அசதிதான். பேச்ச நிறுத்துனா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்களே. போன வாரம் அப்படித்தான், ஒருத்தருக்கு ஒரு பக்கம் கிருதா எடுத்துட்டு உக்காந்தேன். கண்ணு சொக்கிருச்சு. முழிச்சுப் பாத்தா நாற்காலி காலி. கழுத்துல கட்டுன துணியோடவே போயிட்டாரு மனுஷன். அந்த ஒத்தக் கிருதாவ தெருவே பாத்துச்சு.

அன்னிக்கே மச்சினன் கடைய வாங்க ஒரு ஆளப் பேசிட்டான். நான் கெஞ்சுனேன். கடைசியில சம்சாரம்தான் சொன்னா, ஒரே ஒருத்தருக்கு நடுவுல உக்காராம முழுசா ஷேவிங் பண்ணிக் காட்டுங்க, நானே அந்த ஆள வேண்டாம்னு அனுப்பிர்றேன்னு. அதுக்காக நேத்து முழுக்க நான் கட்டிலவிட்டு எறங்கலைங்க. யாரோடயும் பேசல. குளிக்கக்கூட இல்ல. இன்னிக்கு ஒருத்தருக்காக, ஒரு மொகத்துக்காகச் சேத்து வெச்சேன். பாதியில தீந்துருச்சு.

அவளா? வாசல்ல நிக்கிறாளே, அவதான். நான் உக்கார்ற வரைக்கும் இந்தப் பக்கம் பாத்துட்டுத்தான் இருந்தா. இப்ப ரோட்டப் பாத்துட்டு நிக்கிறா.

தப்பா நெனக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். தலையச் சாய்ங்கன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே சாய்ச்சீங்க. கத்தி மூக்குக்குக் கீழ வர்றதுக்கு முன்னாடியே மேலுதட்ட உள்ள இழுத்துக் குடுத்தீங்க. நம்ம தொழில்காரங்களத் தவிர யாரு அப்படிக் குடுப்பா? வந்ததுலருந்து கண்ணாடியையும் செவுத்தையும்தான் அளந்துட்டு இருக்கீங்க. கஸ்டமர் மாதிரி போய்ப் பாருங்கன்னு மச்சினன்தான் சொல்லி விட்டானா?

அட, பரவால்லைங்க. எனக்கு அப்பவே தெரியும். உங்க மொகத்துலயே முடிச்சுக் காட்டி உங்களத் திருப்பி அனுப்பலாம்னுதான் பாத்தேன்.

இன்னும் எந்திரிக்க முடியலைங்க. நுரை காஞ்சுட்டு வருது, எரியும். கத்தி உங்க முன்னாடிதான் இருக்கு, பிளேடு புதுசு. இடது கன்னத்த நீங்களே எடுத்துக்கங்க. கடைச் சாவி கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. எந்திரிச்சு வந்து என் கையால குடுக்கணும்னுதான் நெனச்சேன். போறப்ப அதையும் நீங்களே எடுத்துக்கங்க.