யார்ட்டயும் சொல்லிராதீக

பிள்ளையார்பட்டி பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "எங்க ஆஸ்பத்திரியில ஒரு சேதி பரவணும்னா அத ரகசியம்னு சொல்லணும்டி!"

"என்னடி சொல்ற?"

"சாயங்காலம் கம்ப்யூட்டரெல்லாம் நிப்பாட்டப் போறாக, அதுக்குள்ள எல்லாத்தையும் சேவ் பண்ணிருங்கன்னு காலையிலேயே வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். எல்லாரும் கட்டைவிரலத் தூக்குனாக, ஒருத்தரும் படிக்கல. பதறிப்போயி பில் கவுண்டர் அக்கா காதுல மட்டும், 'யார்ட்டயும் சொல்லிராதீக'ன்னு போட்டேன்."

"அப்புறம்?"

"நான் மாடி ஏறுறதுக்குள்ள ஆஸ்பத்திரியே சேவ் பண்ணிருச்சு! மேனேஜர் என்னையத் தனியாக் கூப்பிட்டு அதே சேதியச் சொல்லி, 'உங்களோட இருக்கட்டும்'ங்கிறாரு!"

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு அவள் தோழியின் காதருகே குனிந்தாள். பஸ் முழுக்கக் கேட்டது.

"எனக்குக் கல்யாணம் முடிவாயிருச்சு. யார்ட்டயும் சொல்லிராத."